பள்ளி மாணவருக்குப் பகுதி நேர வேலை: பினாங்கில் சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

பகுதி நேர வேலைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்பதற்கு அவர்கள் கையில் எழுத்தில் ஒன்றும் இருக்காது. வாய்ப்பேச்சில் சேர்வார்கள், மாதக் கடைசியில் முதலாளி சொல்லும் கணக்குதான் கணக்கு என்று ஆகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டி சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் படிவம் 5 வரை உள்ளவர்களுக்கும், படிவம் 5 இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் இது பயன்படும்.

முதல் படி: வயதையும் மணிக்கணக்கையும் பாருங்கள்

மலேசியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம். 15 வயது நிரம்பாதவர் சிறுவர். 15 நிரம்பி 18 நிரம்பாதவர் இளையோர். சம்பளத்துக்கு வேலை தேடும் முன் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது பிறந்த தேதியை; படிவத்தை அல்ல. படிவம் 3 வகுப்பில் 15 நிரம்பியவரும் இருப்பார், நிரம்பாதவரும் இருப்பார்.

15 நிரம்பாதவர்கள் பக்கத்துக் கடையில் கூலிக்கு நிற்க வழியில்லை. 13 வயதுக்கு மேற்பட்டிருந்தால், சொந்தக் குடும்பம் நடத்தும் தொழிலில் இலகுவான வேலை செய்யலாம். அப்பாவின் மளிகைக் கடையில் பொருள் அடுக்குவது, அம்மாவின் பூக்கடையில் சரம் தொடுப்பது இந்த வகையில் வரும். அங்கேயும் இரவு 8 மணிக்கு மேல் காலை 7 மணி வரை வேலை கூடாது. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும். பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளில் 7 மணியைத் தாண்டக் கூடாது.

15 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு வரம்பு கொஞ்சம் தளர்வு. விடுமுறை நாளில் அதிகம் போனால் 7 மணி நேரம். பள்ளி உள்ள நாளில் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து 8 மணி. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது அரை மணி ஓய்வு. இரவு 8 முதல் காலை 6 வரை கடை வேலை கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க இடையில் 12 மணி நேரம் முழு இடைவெளி இருக்க வேண்டும். 7 நாளில் 6 நாளுக்கு மேல் வேலை கூடாது. இந்த ஆறு நாள் வரம்பு சிறுவர், இளையோர் இருவருக்கும் பொது.

இதை உங்கள் பள்ளி அட்டவணையில் வைத்துப் பாருங்கள். காலை 7.30க்குத் தொடங்கி மதியம் 2 மணிக்கு முடியும் பள்ளி என்றால் ஆறரை மணி நேரம் போய்விட்டது. சட்டப்படி மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். ஒன்றரை மணி நேர வேலைக்காக ஜெலுத்தோங்கிலிருந்து குவீன்ஸ்பே வரை பஸ் ஏறிப் போய் வருவது வீண். ஆகவே பள்ளி நாளில் வேலையே வேண்டாம். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, எஸ்பிஎம்முக்குப் பின் வரும் மாதங்கள், இவைதான் உங்கள் வேலைக் காலம்.

சுங்கை பட்டாணி, கூலிம் பக்கமிருந்து பாலம் தாண்டி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. பினாங்குக் கடைகளுக்கு ஆள் தேவைப்படுவது சனியும் ஞாயிறும். ஞாயிறு உங்களுக்குப் பள்ளி நாள் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு சொன்னால் அட்டவணை குழம்பும், பள்ளிக்கு மட்டம் போடச் சொல்வார்கள்.

பேரங்காடிகளில்தான் இரவு 8 மணி வரம்பு அடிக்கடி மீறப்படுகிறது. அங்கே கடைகள் இரவு 10 மணிக்கு மூடும், இரண்டாவது ஷிப்ட் மதியம் 2 முதல் 10 வரை ஓடும். 17 வயதுப் பிள்ளையை அந்த ஷிப்டில் போட முடியாது. "எல்லாரும் செய்றாங்க" என்று சூப்பர்வைசர் சொன்னாலும் காலை ஷிப்டைக் கேளுங்கள். பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்கும் இதே கணக்கு. கூட்டம் சேரும் நேரத்தில் நீங்கள் கிளம்ப வேண்டியிருக்கும். அதை ஒத்துக்கொள்ளும் கடைக்காரரிடம் மட்டும் சேருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஹோட்டல், உணவகம், மதுக்கூடம், கிளப் ஆகிய இடங்களில் 18 வயது நிரம்பாத பெண்கள் வேலை செய்வதற்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் கட்டுப்பாடு விதித்தது. பெற்றோரோ பாதுகாவலரோ நடத்தும் இடமாக இருந்தால்தான் அனுமதி என்பது அதன் சாரம். உணவக வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் தொழிலாளர் இலாகாவுக்குப் போன் செய்து, எந்த இடம், என்ன வேலை, என்ன வயது என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாம் படி: எந்த வேலை என்று தேர்ந்தெடுங்கள்

ஜார்ஜ்டவுனில் நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரும், அதை ஒட்டிய லெபோ குவீன், லெபோ பினாங்கும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஆள் தேடும். துணிக்கடை, பலகாரக் கடை, வளையல் கடை, பூஜைப் பொருள் கடை எல்லாவற்றுக்கும் தமிழ் பேசும் பிள்ளைகள் வேண்டும். சிக்கல் என்னவென்றால் தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும், எஸ்பிஎம் நெருங்கும் நேரமும் அதுதான். படிவம் 5 மாணவர் தீபாவளி வேலைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. படிவம் 4 மாணவர் போகலாம், ஆண்டிறுதித் தேர்வுத் தேதியைப் பார்த்துவிட்டு.

துணிக்கடை வேலை வெளியிலிருந்து பார்க்க லேசாகத் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கு இருபது புடவை பிரித்துக் காட்டினால் இருபதையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். மடிப்பு மாறினால் முந்தானை உள்ளே போய்விடும், அடுத்த முறை காட்டும்போது முழுப் புடவையையும் உதற வேண்டியிருக்கும். முந்தானையும் கரையும் வெளியே தெரிகிற மாதிரி மடிக்க முதல் நாளே கற்றுக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். புதுச் சரக்கு மூட்டையின் பிளாஸ்டிக் பட்டையை வெட்டும்போது பிளேடை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக இழுங்கள். புதிதாக வருபவர்கள் இடது கை விரலை அறுத்துக்கொள்வது இங்கேதான்.

சூப்பர்மார்க்கெட்டில் பொருள் அடுக்குவது, புத்தகக் கடை, மருந்துக் கடை, நகலெடுக்கும் கடை, டியூஷன் மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் முதல் வேலைக்கு நல்லவை. டியூஷன் மைய வேலையில் பகல் நேரம் கிடைக்கும், உட்கார்ந்து செய்யலாம், உங்கள் பாடமும் மறக்காது.

சாப்பாட்டுக் கடை வேலைக்கு இரண்டு முன்வேலைகள் உண்டு. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைப்படி உணவைத் தொடுபவர் ஒவ்வொருவரும் உணவு கையாள்வோர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், மருத்துவரிடம் சோதித்து டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி மூன்று ஆண்டுக்குச் செல்லும். இரண்டுக்கும் யார் காசு கட்டுவது என்று முதலிலேயே பேசுங்கள். இரண்டு வாரம் மட்டும் செய்யப்போகும் வேலைக்கு நீங்களே கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கல்யாண மணவறை அலங்காரம், கேட்டரிங், நிகழ்ச்சி மேடை வேலைகளுக்கு அண்ணன்மார் கூப்பிடுவார்கள். முந்தின இரவு கட்டி, நள்ளிரவில் பிரிக்கும் வேலை அது. ஏணி, மின்கம்பி, கனமான இரும்புச் சட்டம். 18க்குக் கீழ் ஆபத்தான வேலை கூடாது என்று சட்டமே சொல்கிறது. பகலில் பூ கட்டுவதற்கு வேண்டுமானால் போகலாம். உணவு டெலிவரி வேண்டாம். 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது, ஆனால் அண்ணன் பெயரில் உள்ள கணக்கில் தம்பி ஓட்டும் பழக்கம் நடக்கிறது. விபத்து என்றால் உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது, இழப்பீட்டுக்கு வழியும் இருக்காது.

மூன்றாம் படி: தாள்களைத் தயார் செய்யுங்கள்

மைகாட் (அடையாள அட்டை) நகல் இரண்டு. நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். அசல் மைகாட்டை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். அது உங்கள் பையில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. 18 நிரம்பாதவர்கள் மைகாட், பிறப்புச் சான்றிதழ், கூடவே அம்மா அல்லது அப்பா என்று வங்கிக்குப் போனால் திறந்துகொள்ளலாம். நண்பன் கணக்கிலோ மாமா கணக்கிலோ சம்பளம் வாங்காதீர்கள். பின்னால் கணக்குக் கேட்கும்போது உங்களுக்குச் சம்பளம் வந்தது என்று காட்ட வழியில்லாமல் போகும்.

பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், பள்ளியில் படிக்கிறீர்கள் என்பதற்கான உறுதிக் கடிதம். இரண்டாவதைப் பள்ளி அலுவலகத்திலோ ஆலோசனை ஆசிரியரிடமோ கேட்கலாம். தன்விவரம் ஒரே பக்கம்: பெயர், வயது, பள்ளி, தெரிந்த மொழிகள், வேலைக்கு வரக்கூடிய நாளும் நேரமும். புறப்பாட நடவடிக்கையில் பொறுப்பு வகித்திருந்தால் எழுதுங்கள். வீட்டு முகவரியும் மைகாட் எண்ணும் தன்விவரத்தில் தேவையில்லை. சேர்ந்த பிறகு கொடுத்தால் போதும்.

நான்காம் படி: நேரில் போய்க் கேளுங்கள்

கடைத்தெருவுக்குக் காலை பதினொன்றரைக்குள் அல்லது மதியம் மூன்று மணிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பேரங்காடிக் கடைகளுக்குச் செவ்வாய், புதன் நல்லது. அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதில் தவறில்லை, ஆனால் பேச்சை நீங்கள் தொடங்குங்கள். மலாயில் சரளமாகப் பேசப் பழகுங்கள். பினாங்கில் கடை வேலைக்கு ஹொக்கியன் எண்கள் தெரிந்தால் பெரிய உதவி. சிட், நோ, சா, சி, கோ என்று ஐந்து வரை தெரிந்தாலே சீன ஆன்ட்டிமார் முகம் மலரும்.

கடையைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பின்வாசல் திறந்திருக்கிறதா, கழிவறை எங்கே, வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, கடை மூடியபின் பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம். போகும் பஸ்ஸின் எண்ணையும் திரும்பும் கடைசி நேரத்தையும் ரேப்பிட் பினாங்கு அட்டவணையில் பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வருபவர்கள் ஃபெரி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பேசியதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதுங்கள்

சின்னக் கடைகளில் ஒப்பந்தக் கடிதம் தர மாட்டார்கள். பரவாயில்லை. பேசி முடித்து வீட்டுக்கு வந்த அன்றே முதலாளிக்குப் புலனத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி:

"வணக்கம் அக்கா. பேசினபடி வர்ற சனிக்கிழமையிலிருந்து வேலைக்கு வர்றேன். சனி, ஞாயிறு, காலை 10 முதல் மாலை 6 வரை, மதியம் 1 முதல் 2 சாப்பாட்டு நேரம். மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். சம்பளம் அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள என் பேங்க் கணக்குல. சரிதானே அக்கா?"

"சரி" என்று ஒரு சொல் பதிலாக வந்தால் போதும், உங்களிடம் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பதிலே வராவிட்டால் முதல் நாள் நேரில் கேட்டுப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் ஒரு படம் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். போன் உடைந்தால் செய்தியும் போய்விடும்.

"முதல் மூணு நாள் சோதனை, சம்பளம் கிடையாது" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலாளி சொல்ல நீங்கள் செய்த வேலை எந்தப் பெயரில் இருந்தாலும் வேலைதான்.

சம்பளக் கணக்கு

2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் கீழ் வைத்திருக்கும் கடைகளுக்கும் அது 2025 ஆகஸ்ட் 1இல் வந்துவிட்டது. மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். மாணவர் என்பதற்காகக் குறைக்க இடமில்லை. "சின்னப் பசங்களுக்கு ஆறு வெள்ளி" என்பது சட்டத்துக்குப் புறம்பு.

மேலே உள்ள செய்தியின்படி கணக்குப் போடுவோம். ஒரு நாளுக்கு 7 மணி, வாரம் 14 மணி, நான்கு வாரம் 56 மணி. 56ஐ 8.72ஆல் பெருக்கினால் 488 ரிங்கிட் 32 சென். இதில் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு. சேமநிதி அட்டவணை 20 ரிங்கிட் படிகளாகப் போகும், படியின் மேல் எல்லைக்குக் கணக்கிடுவார்கள். உங்கள் சம்பளம் 480க்கும் 500க்கும் இடையில் விழுவதால் பிடித்தம் 55 ரிங்கிட். முதலாளி தன் பணத்திலிருந்து 13 விழுக்காடாக 65 ரிங்கிட் போட வேண்டும். சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) உங்கள் பங்கு 2 ரிங்கிட் 25 சென். வேலையிழப்புக் காப்புறுதி 18 வயதில்தான் தொடங்கும், ஆகவே அதற்குப் பிடித்தால் தவறு. கைக்கு வரவேண்டியது 431 ரிங்கிட் 7 சென்.

"சேமநிதியெல்லாம் வேண்டாம்மா, முழுசா கையில தர்றேன்" என்று சொல்லும் கடைகள் உண்டு. கையில் 55 ரிங்கிட் கூடுவது போலத் தெரியும். உண்மையில் முதலாளியின் 65 ரிங்கிட் உங்களுக்கு வராமல் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு சொக்சோ. சொக்சோவில் பெயர் இருந்தால் கடையில் விழுந்தாலும், வீட்டிலிருந்து கடைக்கு நேராகப் போகும் வழியில் பஸ்ஸிலோ மோட்டாரிலோ அடிபட்டாலும் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்கும். மாதம் 2 ரிங்கிட் 25 சென்னுக்கு அதை விட்டுவிடக் கூடாது. வேலையில் அடிபட்டால் அன்றே முதலாளிக்குச் செய்தி அனுப்புங்கள், கிளினிக்கில் வேலையிடத்து விபத்து என்று சொல்லுங்கள், சாலையில் என்றால் போலீஸ் புகார் செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாரம் 14 மணி என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் பகுதி நேர ஊழியர் விதிமுறை, முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை செய்பவரைத்தான் பகுதி நேர ஊழியர் என்கிறது. முழு நேரம் வாரம் 45 மணி என்றால் 30 விழுக்காடு 13 மணி 30 நிமிடம். அதைத் தாண்டினால் சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு ஆகியவை அளவாக உங்களுக்கும் உண்டு. ஒரே நாள் மட்டும் வேலை செய்பவர் இதில் வர மாட்டார். குறைந்தபட்சச் சம்பளம் அவருக்கும் உண்டு.

சம்பளத் தேதி: சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் வந்துவிட வேண்டும். சம்பளச் சீட்டு கேளுங்கள். கல்லாவில் பணம் குறைந்தது, கண்ணாடி உடைந்தது, தாமதமாக வந்தாய் என்று தண்டம் பிடிப்பது சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களின் பட்டியலில் இல்லை.

முதல் நாளும் கல்லாப்பெட்டியும்

முன்பக்கம் மூடிய, அடிப்பாகம் தடித்த காலணி போடுங்கள். ஏழு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கும்போது மெல்லிய ரப்பர் அடி குதிகாலைக் கொன்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பேனா.

கேஷியராகப் போட்டால் பெட்டியைக் கையில் வாங்கும் முன் தொடக்கப் பணத்தை எண்ணுங்கள். வேறொருவர் எண்ணியதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 200 ரிங்கிட் என்றால் வழக்கமாக இப்படி இருக்கும்: 10 ரிங்கிட் எட்டு, 5 ரிங்கிட் பன்னிரண்டு, 1 ரிங்கிட் நாற்பது, 50 சென் இருபது, 20 சென் முப்பது, 10 சென் முப்பது, 5 சென் இருபது. கூட்டினால் சரியாக 200. குறைந்தால் பெட்டியை மூடாமல் அங்கேயே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் தரும் நோட்டை உடனே பெட்டிக்குள் போடாதீர்கள். மேசைமேல் வைத்து, "ஐம்பது ரிங்கிட்" என்று வாய்விட்டுச் சொல்லி, மீதியைக் கொடுத்த பிறகுதான் உள்ளே போடுங்கள். உள்ளே போட்டபின் "நான் நூறு கொடுத்தேன்" என்றால் நிரூபிக்க முடியாது. சிவப்பு பத்தும் ஆரஞ்சு இருபதும் மங்கலான விளக்கில் ஒன்றாகத் தெரியும். தனித்தனிப் பள்ளத்தில் போடுங்கள்.

ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படும். 2008 ஏப்ரலிலிருந்து இதுதான் முறை. 12.92 என்றால் 12.90, 12.97 என்றால் 12.95, 12.98 என்றால் 13.00. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்யக் கூடாது, கடைசித் தொகைக்கு மட்டும். போன் வழியாக டூயிட்நவ் கியூஆரில் கட்டினால் வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாதீர்கள். பழைய படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் கூட்ட நேரத்தில்தான் வருவார்கள். கடையின் போனிலோ ஒலிப்பெட்டியிலோ வந்த தொகையைப் பார்த்துவிட்டுப் பையைக் கொடுங்கள்.

மணிக்கணக்கு நோட்டு

அந்தச் சின்ன நோட்டு இதற்குத்தான். ஒவ்வொரு நாளும் ஒரே வரி: தேதி, வந்த நேரம், சாப்பாட்டு நேரம், போன நேரம், மொத்தம். "சனி, 9.55, 1.10–2.10, 6.05, 7 மணி 10 நிமிடம்." வேலை முடிந்த அந்த நிமிடமே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் நினைத்து எழுதுவது தப்பாகும். வார முடிவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, "அக்கா, இந்த வாரம் மொத்தம் 14 மணி 15 நிமிஷம்" என்று முதலாளிக்கு அனுப்புங்கள். மறுப்பு இருந்தால் அந்த வாரமே பேசித் தீர்ந்துவிடும். மாதக் கடைசி வரை விட்டால் இருவருக்கும் நினைவிருக்காது, கோபம்தான் வரும். கடை மூடியபின் கூட்டிப் பெருக்கும் இருபது நிமிடமும் வேலை நேரம்தான், அதையும் எழுதுங்கள். அப்படி எழுதும்போதுதான் நாளுக்கு 7 மணி வரம்பு எப்போது தாண்டுகிறது என்பதும் உங்களுக்கே தெரியும். தாண்டினால் அடுத்த நாளே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பள்ளி

பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் மதிப்பெண்ணில் கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாடத்துக்கு 10. சனிக்கிழமைக் காலைச் சீருடை இயக்கப் பயிற்சியையும் விளையாட்டுப் போட்டியையும் வேலைக்காக விட்டால் அந்தப் பத்தில்தான் கை வைக்கிறீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளிப் புறப்பாட அட்டவணையை வாங்கி, அந்தச் சனிக்கிழமைகளை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன் வேலையை நிறுத்துங்கள். திங்கட்கிழமைக் காலை வகுப்பில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு உண்மையிலேயே காசு தேவைப்படுகிறது என்றால் பிள்ளையின் வேலை நேரத்தைக் கூட்டும் முன் பள்ளி ஆலோசனை ஆசிரியரிடம் பேசுங்கள். உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க அவர் வழிகாட்டுவார். பிள்ளை பள்ளியை விட்டுவிட்டால் அதைத் திரும்பப் பிடிப்பது மிகவும் கடினம்.

மோசடி வேலைகள்

டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் நாளுக்கு 150 ரிங்கிட்" என்று வருவது வேலை அல்ல. முதலில் பத்து, இருபது தருவார்கள், பிறகு "பெரிய பணிக்கு" முன்பணம் கட்டச் சொல்வார்கள். சீருடைக்கு, பயிற்சிக்கு, பதிவுக்கு என்று முன்பணம் கேட்கும் எதுவும் வேண்டாம்.

அதைவிட ஆபத்தானது வங்கி அட்டையைக் கடனாகக் கேட்பது. "உன் கணக்கை ரெண்டு வாரம் குடு, 500 தர்றேன்" என்று கேட்பது தெரிந்த முகமாகவே இருக்கும், அதே தாமானில் வளர்ந்த அண்ணனாகக்கூட இருக்கும். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். இதைத்தான் கழுதைக் கணக்கு என்கிறார்கள். 2024இல் குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அட்டையையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்குப் போன் செய்து முடக்குங்கள். பணம் இழந்திருந்தால் உடனே மோசடி உதவி எண்ணான 997க்கு அழையுங்கள். ஒரு கணக்கு எண் மீது சந்தேகம் இருந்தால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் வந்தால்

சம்பளம் வரவில்லை என்றால் முதலில் புலனத்தில் மரியாதையாக ஒரு செய்தி, தொகையும் மணிக்கணக்கும் எழுதி. மூன்று நாளில் பதில் இல்லையென்றால் பெற்றோரோடு நேரில். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகா. நேரில் போகலாம், 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலி வழியாகவும் புகார் கொடுக்கலாம். நோட்டு, புலனச் செய்திகள், வங்கி அறிக்கை, கடையின் பெயர்ப் பலகைப் படம், இந்த நான்கும் இருந்தால் போதும். 18 நிரம்பாதவர் தன் பெயரிலேயே சம்பள வழக்குத் தொடர 1966ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது.

யாராவது தொட்டாலோ, அசிங்கமாகப் பேசினாலோ, கடை மூடியபின் தனியாக இருக்கச் சொன்னாலோ, அந்த நிமிடமே வெளியே வாருங்கள். பையும் சம்பளமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் 15999, தாலியான் காசே உதவி எண், எந்த நேரமும். தவறு உங்களுடையது அல்ல.

வேலையை விடும்போது

ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், அது மரியாதை. சொல்லாமல் நின்றுவிட்டாலும் 18 நிரம்பாதவரிடமிருந்து ஒப்பந்தத்தை மீறியதற்கு நட்டஈடு வாங்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. "நோட்டீஸ் கொடுக்கல, அதனால ரெண்டு வாரச் சம்பளம் போச்சு" என்பது உங்களிடம் செல்லாது. முறையாக அறிவித்து விலகினால் கடைசி நாளன்றே சம்பளம் தந்துவிட வேண்டும். அறிவிக்காமல் விலகினால் மூன்று நாளுக்குள்.

கடைசி நாளில் சீருடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை செய்தீர்கள் என்று கடை முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். முதலாளிக்கு எழுத நேரமில்லை என்றால் நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரு மாதம் கழித்துச் சேமநிதிக் கணக்கைத் திறந்து, 55உம் 65உம் சேர்ந்து 120 ரிங்கிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.